நெரேவாரைக் கொன்றது ஆர்? கேம் உலகத்துக் 'கேனன்' சண்டையும் எங்கட திருமுறையும்

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமப் போன நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பிசி ஓன் பண்ண ஏலாது, ஃபோன் சார்ஜை மிச்சம் பிடிக்கவேணும், ஃபேன் இல்லாம வீட்டுக்குள்ள இருக்கவும் ஏலாது, அதால நாங்கள் நாலைஞ்சு பேர் வெள்ளவத்தையில தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லுகள்ல போய் இருந்து கதைக்கத் தொடங்கினம். கேம் விளையாட ஏலாத நேரம் கேமைப் பற்றிக் கதைக்கலாம்தானே. முதல் நாள் இரவே சண்டை பிடிச்சிட்டுது. நெரேவாரைக் கொன்றது ஆர் எண்டதுதான் பிரச்சினை. அண்டைக்குத் தொடங்கினது இன்னும் முடியேல்ல, அது ஏன் முடியேல்ல எண்டும் ஏன் முடியாம இருக்கிறதே நல்லம் எண்டும் எனக்கு இப்ப கொஞ்சம் விளங்கியிருக்கு, அதைத்தான் எழுதுறன்.

விளையாடாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் எண்டது 1994ல 'அரீனா'வில தொடங்கின கேம் வரிசை, பிறகு 1996ல டாகர்ஃபோல், 2002ல மொரோவிண்ட், 2006ல ஒப்லிவியன், 2011ல ஸ்கைரிம், 2014ல எல்லாரும் சேர்ந்து விளையாடுற ஒன்லைன் கேம். எல்லாம் டாம்ரியல் எண்ட ஒரே கண்டத்திலதான் நடக்குது. மொரோவிண்ட் கதையில டன்மர் இனத்துக்கு ஒரு பழைய தலைவர், அவர்தான் நெரேவார். சிவப்பு மலையடிவாரத்தில ஒரு பெரிய போர், அந்தப் போரோட அவர் செத்துப்போறார். அவருக்குப் பக்கத்தில நிண்ட மூண்டு பேர், மனைவி அல்மலெக்ஸியா, சோதா சில், விவெக், பிறகு கடவுளாகிடினம், அவைக்குக் கோயிலும் எழும்பிட்டுது. கோயில் சொல்ற கதை, நெரேவார் போர்க் காயத்தால செத்தவர். மலையடிவாரத்தில கூடாரம் போட்டு வாழ்ற ஆஷ்லாண்டர் சனம் சொல்ற கதை, அந்த மூண்டு பேரும்தான் அவரைக் கொன்றவை. கோயிலை விட்டுப் பிரிஞ்ச குருமார் ஒளிச்சு வச்சிருக்கிற ஏடுகள்லயும் கொலைக் கதைதான் இருக்கு.

இதில சரியான விசயம் என்னெண்டா, விவெக் அந்தக் கேம்ல உயிரோட இருக்கிறார். நேரில போய்க் கேக்கலாம். அவர் தன்ர பக்கத்தைச் சொல்றார், அதில கொலையே இல்ல. சரி, சாட்சியே வாயால சொல்லிட்டுதே, முடிஞ்சுது எண்டு நினைக்கேக்க, அதே விவெக் எழுதின 36 பாடங்கள் எண்டு ஒரு வேதப் புத்தகம் கேம் முழுக்க அங்கங்க கிடக்குது. அதில 29ஆம் பாடத்தில வாற எண்களைத் திறப்பா வச்சு மற்றப் பாடங்கள்ல சொல் எண்ணி எடுத்தா ஒரு ரகசியச் செய்தி வரும். தான் கடவுளாப் பிறக்கேல்ல எண்டும், கடவுள்தன்மையைத் தன்ர விருப்பத்தோட திருடினது எண்டும், தலைவனைக் கொன்றது எண்டும் அதில இருக்கு, கடைசியா இதை எழுதினது விவெக் எண்டு கையெழுத்து மாதிரி வேற. வாயால இல்லையெண்டு சொன்னவர் எழுத்துக்குள்ள ஒப்புக்கொண்டு வச்சிருக்கிறார். அப்ப எது உண்மை எண்டு கேட்டா, கேம் ஒரு இடத்திலயும் தீர்ப்புச் சொல்லாது.

இதை முதல் முதல் கேள்விப்படுற ஆக்கள், லோர்ல, அதாவது கேம் உலகத்தின்ர பின்கதையில, பிழை இருக்கு, எழுதினவங்கள் ஒழுங்கா எழுதேல்ல எண்டு நினைக்கினம். எனக்கு இதில உடன்பாடே இல்ல. இது எழுதினவை வேணுமெண்டு வச்ச முரண். ஒவ்வொரு வேர்ஷனுக்குப் பின்னாலயும் ஒரு ஆள் இருக்கு, அந்த ஆளுக்கு அப்பிடிச் சொல்றதுக்கு ஒரு தேவை இருக்கு. கோயில் கொலையை ஒப்புக்கொண்டா கோயிலே இல்ல. ஆஷ்லாண்டர் கொலையில்லை எண்டு ஒப்புக்கொண்டா அவை ஏன் இவ்வளவு காலமும் ஒதுங்கி வாழ்ந்தவை எண்டதுக்குக் காரணம் இல்லாமப் போயிரும். எல்லாருக்கும் இழக்கிறதுக்கு ஏதோ ஒண்டு இருக்கு. அதாலதான் நாங்கள் இருவது வருசம் கழிச்சு இருட்டுக்குள்ள கடற்கரையில இருந்து அதுக்குச் சண்டை பிடிச்சம்.

ஆனா எல்லா முரணும் இந்த மாதிரி இல்ல. இங்கதான் கனபேர் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுப் போட்டு வாதாடுறது.

சிரோடில் எண்ட நாட்டை எடுங்கோ, பேரரசின்ர நடு மாகாணம். 1998ல ரெட்கார்ட் எண்ட கேமோட ஒரு சின்னப் புத்தகம் பெட்டிக்குள்ள வந்தது, பேரரசுக்குப் பொக்கெட் கைட் எண்டு. அதில சிரோடில் முழுக்க அடர்ந்த மழைக்காடு எண்டு எழுதியிருக்கு. எட்டு வருசம் கழிச்சு ஒப்லிவியன் வந்து, அந்த சிரோடிலுக்குள்ளயே போய்ப் பாத்தா, காடே வேற, இங்கிலாந்துப் பக்கம் மாதிரிப் பச்சைப் புல்லும் ஓக் மரமும். மழைக்காடு எங்க? இந்த முரணுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆளுக்கும் ஒரு தேவையும் இல்ல, பொய் சொல்லி ஒருத்தரும் ஒண்டும் காப்பாத்தேல்ல. மாத்தினது கேம் செய்தவை, வேற மாதிரி ஒரு நாடு செய்ய முடிவெடுத்திட்டினம், அவ்வளவுதான்.

இதில கொழும்பில இருந்து விளையாடின எங்களுக்கு ஒரு தனி அனுபவம் இருக்கு. எங்கட காலத்தில கேம் எண்டா பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில காப்பி பண்ணின டிஸ்க், மேல மார்க்கர் பேனையால பேர் எழுதி, ஒரு பிளாஸ்டிக் உறை. பெட்டி இல்ல, மேப் இல்ல, கூட வாற புத்தகம் இல்ல. அந்தப் பொக்கெட் கைட் எண்டு ஒண்டு இருக்கிறதே கனகாலம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அதால ஒப்லிவியன்ல அந்த ஓக் காட்டைப் பாக்கேக்க எனக்கு ஒரு அதிர்ச்சியும் வரேல்ல, எனக்கு சிரோடில் எண்டா முதல்ல இருந்தே அதுதான். பெட்டியோட வாங்கி விளையாடின வெளிநாட்டு ஆக்களுக்கு அது துரோகம் மாதிரி இருந்திருக்கு. அப்ப கேனன், அதாவது ஒரு கதை உலகத்தில எது அதிகாரபூர்வமான உண்மை எண்டது, ஆரின்ர கையில என்ன வந்து சேர்ந்தது எண்டதிலயும் கொஞ்சம் தங்கியிருக்கு, இதை நான் பெரிசா நம்புறன். எழுதினவர் எதை எழுதினார் எண்டது பாதிதான்.

கேனன் எண்ட சொல்லின்ர இந்தப் பாவனையே பைபிள்ல இருந்து வந்தது, எந்தப் புத்தகம் வேதத்துக்குள்ள, எது வெளியில எண்ட பட்டியல். கதைகளுக்கு அதைப் பாவிக்கத் தொடங்கினது ஷெர்லொக் ஹோம்ஸ் வாசகர், 1911லேயே ரொனால்ட் நொக்ஸ் எண்ட ஒருத்தர் வேத ஆராய்ச்சி பாணியில ஹோம்ஸ் கதைகளை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை எழுதினவர். டொக்டர் வொட்சனுக்குக் குண்டு பட்டது தோள்லயா கால்லயா எண்டு முதல் கதையும் ரெண்டாவது கதையும் வேற வேற சொல்லுது, அந்தச் சண்டைக்கு நூறு வருசத்துக்கு மேல வயசு. எங்கட குறூப்பில ஒரு அண்ணா கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், அவர்தான் ஒரு நாள் சொன்னார், "தம்பி, எங்கட தமிழ் பைபிள்ல கேனனுக்குச் சொல் திருமுறை, தெரியுமோ?" எண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, ஏனெண்டா சைவ வீட்டில வளர்ந்த எனக்குத் திருமுறை எண்டா தேவாரம் திருவாசகம். ஒரே சொல். கத்தோலிக்க பைபிள்ல 73 புத்தகம், புரட்டஸ்தாந்து பைபிள்ல 66, அந்த இடையில நிக்கிற புத்தகங்களுக்கு அவை வச்சிருக்கிற பேர் 'இணைத் திருமுறை'.

சைவத் திருமுறையின்ர கதையும் பாருங்கோ. சிதம்பரத்தில பூட்டிக் கிடந்த ஏடுகளைத் திறந்தா முக்கால்வாசி கறையான் தின்டு போச்சு, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வச்சிருக்கிறம் எண்டு அசரீரி கேட்டது எண்டு மரபு. நம்பியாண்டார் நம்பி மிஞ்சினதைத் தொகுத்தார், பதினோராம் திருமுறையில அவர் பாடினதும் இருக்கு, பிறகு சேக்கிழார் பெரிய புராணம் பாட அது பன்னிரண்டாவதா சேர்ந்தது. தொகுத்தவரின்ர பாட்டும் உள்ளுக்கு வருது, முடிஞ்ச வரிசையும் திரும்பத் திறக்குது. கேனன் எண்டா கல்லில வெட்டினது, ஒருக்காலும் மாறாது எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்றது.

அந்த இணைத் திருமுறை எண்ட சொல்லைக் கேட்ட நேரம் எனக்கு உடன ஞாபகம் வந்தது மைக்கல் கேர்க்பிரைட். மொரோவிண்ட்டின்ர விசித்திரமான பக்கங்கள் கனக்க, அந்த 36 பாடங்கள் உட்பட, அவர் எழுதினது. பிறகு அந்த ஸ்டூடியோவில முழுநேரமா இல்லாத காலத்திலயும் அந்த உலகத்தைப் பற்றி தன்ர பாட்டில எழுதிக்கொண்டே இருந்தவர். ஒரு கேமுக்குள்ளயும் இல்லாத எழுத்து. சில பேர் அதை வேதம் மாதிரி வாசிக்கினம், சில பேர் கேமுக்குள்ள இல்லாதது எங்களுக்குத் தேவையில்ல எண்டினம். கேமுக்குள்ள இருக்கிறதும் இல்லாததும் எண்டு ரெண்டு பெட்டி மட்டும் வச்சிருந்தா இந்தச் சண்டை தீராது. இணைத் திருமுறை எண்டு மூண்டாவது பெட்டி ஒண்டு வச்சிட்டா, வாசிக்கலாம், வெளிச்சம் எடுக்கலாம், ஆனா அதை மட்டும் வச்சு மற்ற ஆளை மடக்க ஏலாது. எங்கட குறூப்பில இப்ப அதுதான் சட்டம்.

இனி டிராகன் பிரேக். லோர் கதைக்கிற எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம். டாகர்ஃபோல் கேம்ல ஆறேழு முடிவு, நியூமிடியம் எண்ட ராட்சத உலோக மனிசனை ஆரின்ர கையில குடுக்கிறீங்கள் எண்டதைப் பொறுத்து முடிவு மாறும். அடுத்த கேம் செய்யேக்க எதை உண்மை எண்டு எடுக்கிறது? ஒண்டை எடுத்தா மற்றதை விளையாடின ஆக்கள் எல்லாரும் பொய் எண்டாகிரும். அவை செய்த வேலை, எல்லா முடிவும் ஒரே நேரத்தில நடந்தது எண்டு சொன்னது. காலம் உடைஞ்சு, ஒண்டுக்கொண்டு பொருந்தாத விசயம் எல்லாம் ஒண்டா நடந்து, திரும்ப ஒட்டினா அந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ராச்சியம் எல்லாம் நாலாகி நிக்குது. அந்த முடிவுகள்ல ஒண்டில மனிமார்கோ எண்ட மந்திரவாதி கடவுளாகிறார், ஒப்லிவியன்ல அதே மனிமார்கோவைச் சாதாரண ஆளா நாங்கள் போய்க் கொல்றம், ரெண்டும் சரி. காலம் உடையிறதுக்குத்தான் டிராகன் பிரேக் எண்டு பேர், டாம்ரியல்ல காலத்துக்குப் பொறுப்பான கடவுள் ஒரு டிராகன்.

முதல்தரம் இதை விளங்கின நேரம் எனக்கு இது மாதிரிக் கெட்டித்தனமான வேலை வேற இல்ல எண்டுதான் பட்டது, இப்பவும் அந்த மரியாதை போகேல்ல. ஏனெண்டா அவை இதைச் சும்மா ஒரு ஒட்டுப் போட்டு விடேல்ல. இதுக்கு முதலே 1008 வருசம் நீடிச்ச ஒரு பழைய டிராகன் பிரேக் நடந்தது எண்டு வச்சு, அந்தக் காலத்தில நீங்கள் எங்க இருந்தீங்கள் எண்டு ஒவ்வொரு இனத்து ஆளும் ஒவ்வொரு மாதிரிச் சொல்ற ஒரு புத்தகத்தையும் வச்சு, பிறகு அப்பிடி ஒண்டு நடக்கவே இல்ல, அது ஆரோ காலக்கணக்கில விட்ட பிழை எண்டு வாதாடுற ஒரு அறிஞரின்ர புத்தகத்தையும் அதே மொரோவிண்ட்டுக்குள்ள வச்சினம். மருந்தையும் வச்சு, அந்த மருந்தை நம்பாத ஆளையும் பக்கத்தில வச்சினம்.

பிரச்சினை எங்களில. ரசிகர் இந்த மருந்தை எல்லா நோவுக்கும் தடவத் தொடங்கிட்டினம். நெரேவார் செத்தது எப்பிடி எண்டா டிராகன் பிரேக், எல்லாம் நடந்தது. சிரோடில் காடு எங்க எண்டா டிராகன் பிரேக். என்ர மச்சான் ஒருத்தன் அண்டைக்குக் கடற்கரையிலயும் அதைத்தான் சொன்னான், "கொன்றதும் உண்மை கொல்லாததும் உண்மை மச்சான், சிவப்பு மலையில காலமே உடைஞ்சது, முடிஞ்சுது கதை" எண்டு. அவன்ர பக்கம் ஆதாரம் இல்லாம இல்ல, அந்த மலையில கடவுளின்ர இதயத்தையே நோண்டினவங்கள், அங்க ட்வெமர் இனம் முழுக்க ஒரு நொடியில மறைஞ்சு போச்சு. ஆனா எனக்கு அது பிடிக்கேல்ல, இப்பவும் பிடிக்காது. எல்லாம் நடந்தது எண்டு சொன்னா விவெக்கின்ர அந்த ரகசிய எழுத்துக்கு என்ன பெறுமதி? ஒரு ஆள் செய்த கொலையை மறைச்சு, மறைக்கவும் ஏலாம, தன்ர வேதத்துக்குள்ளயே புதைச்சு வச்சிருக்கிறான். அந்தக் குற்ற உணர்ச்சி முழுக்க ஆவியாப் போயிரும். உள்ளுக்குள்ள இருக்கிற ஆக்களின்ர பொய்க்குக் காலத்தைச் சாட்டக்கூடாது.

சிரோடில் காட்டுக்கு அவை பிறகு என்ன செய்தவை எண்டு பாத்தா இது இன்னும் விளங்கும். ரெண்டு விதமா வைத்தியம் நடந்திருக்கு. ஒன்லைன் கேம்ல ரெண்டு அறிஞர் இதுக்கு மோதினம், ஒருத்தர் மழைக்காடு எண்டது பிரதி எடுக்கேக்க வந்த எழுத்துப் பிழை எண்டுறார், மற்ற அம்மா அவர் சொல்றதை ஏற்கிறா இல்ல. ஸ்கைரிம்ல வேற வழி. வைட்ரன் நகரத்தில டாலோஸ் எண்ட கடவுளின்ர சிலைக்கு முன்னால ஹைம்ஸ்கர் எண்ட பிரசங்கி நாள் முழுக்கக் கத்திக்கொண்டு நிப்பான், அவன்ர பிரசங்கத்துக்குள்ள, டாலோஸ் தன்ர படைவீரர் காட்டில படுற கஷ்டத்தைப் பாத்து அந்தக் காட்டையே மாத்தினவர் எண்டு வருது. எழுத்துப் பிழை எண்டது எனக்கு ஒண்டும் தரேல்ல, அது கணக்குப் புத்தகத்தில திருத்தின மாதிரி. ஆனா ஹைம்ஸ்கர் சொல்லேக்க உடம்பு சிலிர்க்குது, ஏனெண்டா அவன்ர காலத்தில டாலோஸைக் கும்பிடுறதே தடை, அந்த நேரத்தில ஒருத்தன் நடுச் சந்தியில நிண்டு எங்கட கடவுள் ஒரு நாட்டின்ர காடையே மாத்தினவர் எண்டு சொன்னா, அது நிலவியல் விளக்கம் இல்ல, அது அவன்ர உயிரைப் பணயம் வச்ச நம்பிக்கை. ஸ்டூடியோ விட்ட ஓட்டையைக் கொண்டுபோய் ஒரு ஆளின்ர வாயில வச்ச உடன அது கதையாகிட்டுது.

அப்பிடிச் செய்ய ஏலாட்டி பிழையைப் பிழை எண்டு ஒப்புக்கொள்றது எவ்வளவோ மேல். வோர்கிராஃப்ட் எண்ட வேற கேம் வரிசையில, எரெடார் எண்ட இனம்தான் சார்கெராஸ் எண்ட பெரிய வில்லனைக் கெடுத்தது எண்டு முதல் எழுதியிருந்திச்சு, பிறகு 2007ல வந்த பேர்னிங் க்ரூசேட்டுக்காக அதை மறுவளமாக்கி சார்கெராஸ்தான் எரெடாரைக் கெடுத்தது எண்டு மாத்தினவை, ரசிகர் பிடிச்சுக் கேக்க, கதைக்குப் பொறுப்பா இருந்த கிறிஸ் மெட்சன் தான் பழைய கதையைத் திரும்பப் பாக்க மறந்தது எண்டு பகிரங்கமா ஒப்புக்கொண்டார். 2010ல அந்தக் கம்பெனி நடத்தின ப்ளிஸ்கொன் எண்ட ரசிகர் மாநாட்டில சிவப்புச் சட்டை போட்ட ஒரு ரசிகர் எழும்பி, ஃபால்ஸ்டாட் எண்ட குள்ளர் தலைவர் உயிரோட இருக்கேக்க குள்ளரை ஆளுற சபையில ஏன் அவர் இல்ல எண்டு கேக்க, மேடையில இருந்தவை தடுமாறிப்போச்சினம். பிறகு ஃபால்ஸ்டாட்டைச் சபையில இருத்தி, பக்கத்தில சிவப்புச் சட்டையோட, உண்மை சரிபாக்கிறவர் எண்ட பட்டத்தோட ஒரு குள்ளப் பாத்திரத்தையும் நிறுத்தினவை. அந்தச் செய்தியைக் கேட்ட நேரம் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. கவனமா வாசிச்ச ஒருத்தருக்கு அந்த உலகத்துக்குள்ளயே இருக்கிறதுக்கு ஒரு கதிரை.

இந்த மாதிரி முரணை வச்சு வாழுறது எங்கட ஆக்களுக்குப் புதுசும் இல்ல. என்ர பெரியம்மா முல்லைத்தீவுப் பக்கம், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்தண்ணில விளக்கெரிக்கிறதைச் சின்னனில இருந்து பாத்து வளந்தவ. அவவுக்குக் கண்ணகி மதுரையை எரிச்சுப்போட்டு இலங்கைக்கு வந்தவ. சிலப்பதிகாரத்தில கண்ணகி சேர நாட்டுப் பக்கம் போய் வேங்கை மரத்தடியில நிண்டு விண்ணுக்குப் போறா. சிலப்பதிகாரத்தில அவ மாநாய்கன்ர மகள், இங்க ஈழத்தில பாடுற கண்ணகி கதையில மாங்கனியில இருந்து பிறந்தவ. நான் ஒருக்கா பெரியம்மாவிட்ட, அப்ப எது சரி எண்டு கேட்டன். "அது இளங்கோ கேட்ட கதை, இது எங்களுக்கு நடந்த கதை" எண்டா. அவ சொன்னது எவ்வளவு சரி எண்டு சிலப்பதிகாரப் பதிகத்தைத் திறந்த நேரம்தான் தெரிஞ்சுது. குன்றக் குறவர் தாங்கள் கண்டதை வந்து சொல்லினம், பக்கத்தில இருந்த சாத்தனார் தான் மதுரை வெள்ளியம்பலத்தில படுத்திருக்கேக்க கேட்டதைச் சொல்றார், அதை வச்சுத்தான் இளங்கோ பாடுறார். இந்தக் கதையை ஆர் ஆருக்குச் சொன்னது எண்டதை முதல் பக்கத்திலேயே வச்சிட்டார்.

வித்தியாசம் ஒண்டு இருக்கு, அதை மறைக்க ஏலாது. கண்ணகிக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்ல, டாம்ரியலுக்கு ஒரு கம்பெனி சொந்தக்காரர். கம்பெனி நாளைக்கு ஒரு வரி எழுதினா அது அதிகாரபூர்வம், ரசிகர் இருவது வருசம் வாதாடினது ஒரு வரியில முடிஞ்சிரும். செல்டா எண்ட கேம் வரிசையின்ர ரசிகருக்கு 2011ல அதுதான் நடந்தது, அதைச் செய்த நிண்டெண்டோ கம்பெனி கேம் எல்லாத்தையும் ஒக்கரீனா ஒஃப் டைம்ல இருந்து மூண்டு கிளையாப் பிரிச்சு அதிகாரபூர்வக் காலவரிசை ஒண்டை புத்தகமாப் போட்டிச்சு, அதில ஒரு கிளை ஹீரோ தோத்துப்போன உலகம். பதில் கிடைச்சுது, ஆனா ஆளாளுக்கு வரைஞ்சு வச்சிருந்த காலவரிசை எல்லாம் ஒரே நாளில பிழையாப் போச்சு.

அதாலதான் ஆறாவது எல்டர் ஸ்க்ரோல்ஸை நினைச்சா எனக்கு ஆசையும் பயமும் ஒண்டா வருது. 2018ல ஒரு சின்ன வீடியோ காட்டினவை, மலையும் கரையும், வேற ஒண்டும் இல்ல. ஸ்கைரிம்ல உள்நாட்டுப் போர் இருக்கே, பேரரசுப் பக்கமும் சேரலாம், உல்ஃப்ரிக் தலைமையில கிளர்ச்சி செய்யிற ஸ்டோர்ம்க்ளோக் பக்கமும் சேரலாம், ஒரு பக்கமும் சேராம விடவும் ஏலும். அடுத்த கேம் அந்தப் போர்ல வெண்டது ஆர் எண்டு ஏதாவது சொல்லத்தான் வேணும். மச்சான் டிராகன் பிரேக் வரும் எண்டு பந்தயம் கட்டியிருக்கிறான். கொட்டாஞ்சேனை அண்ணா, அதைப் பற்றி ஒரு சொல்லும் வராது, ஸ்கைரிமைத் தாண்டிப் போயிருவாங்கள் எண்டுறார். எனக்கு வேணும் எண்டது, ஏதோ ஒரு துறைமுகத்து மதுக்கடையில ஸ்கைரிம்ல இருந்து ஓடிவந்த ரெண்டு கிழவர் இருக்கவேணும், ஒருத்தர் உல்ஃப்ரிக் துரோகி எண்டு செத்தார் எண்டும் மற்றவர் ராசாவாச் செத்தார் எண்டும் சொல்லவேணும், ரெண்டு பேரும் தாங்கள் அண்டைக்கு அங்க நிண்டம் எண்டு சத்தியம் பண்ணவேணும்.